மாதா எடுத்துக்கொண்ட தொண்ணூற்றிரண்டு ரூபாய்

நம் பேங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது, கத்துகிற கஸ்டமரை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லுங்கள் மேடம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்துகிறவரால் உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அவர் கத்துகிற கத்தலில் மேனேஜர் வருவார், செக்யூரிட்டி வருவார், நீங்களும் பதறிப்போய் அவருடைய கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிடுவீர்கள். நான் பயப்படுவது வேறொரு ஆளுக்கு. கையில் ஸ்வீட் பாக்ஸோடு, முகமெல்லாம் சிரிப்பாக வருகிறாரே, அவருக்கு!

முதலில் ஒரு கத்தல்காரரைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். நெல்லித்தோப்பில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ஒருநாள் காலையில் ஸ்டேட்மென்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் என் கவுன்ட்டர் கண்ணாடியில் அதாலேயே தட்டினார். "இது இன்னா டிரஸ்ட்? நான் பேரே கேள்விப்பட்டதில்ல. மாசா மாசம் என் பணத்த எடுக்கறான். நீங்கல்லாம் உள்ள உக்காந்து இன்னா பண்றீங்க?"

நான் அவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டேன். வீட்டில் வேறு யாராவது இந்தக் கார்டை எடுப்பார்களா? எப்போதாவது எங்கேயாவது ஒரு தானம், உதவி என்று போனில் பணம் போட்டீர்களா? அவர் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்றிருந்த அவர் மனைவி மெதுவாக வாயைத் திறந்தார்.

"அது நான்தாங்க. பொங்கலுக்கு வந்தப்ப பேத்திகிட்ட கார்டக் குடுத்து, அந்த முதியோர் இல்லத்துக்குப் போடச் சொன்னேன். ஒருதடவதான் சொன்னேன். மாசா மாசம் எடுப்பான்னு எனக்கு இன்னா தெரியும்?"

அந்த இல்லத்தை ஊரில் எல்லாரும் ஒரு பெயரில் கூப்பிடுகிறார்கள், ஸ்டேட்மென்ட்டில் அதன் பதிவுப் பெயர் வேறாக வருகிறது. பேத்தி போனில் தட்டும்போது மாதாமாதம் என்ற இடத்திலும் ஒரு டிக் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வாத்தியார் மனைவியை ஒரு பார்வை பார்த்தார், "வீட்டுக்குள்ளயே திருடிய வெச்சிக்கிட்டு பேங்குல வந்து தேடறேன்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். தெரியாத தர்மக் கணக்கு ஒன்று ஸ்டேட்மென்ட்டில் வந்தால் பெரும்பாலும் கதை இப்படித்தான் முடியும். அதனால்தான் நாம் அசந்துபோகிறோம்.

இப்போது ஸ்வீட் பாக்ஸுக்கு வருகிறேன்.

பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிற லூர்து மேரியை எங்கள் கிளையில் எல்லாருக்கும் தெரியும். லூர்தக்கா என்றுதான் கூப்பிடுவோம். மார்க்கெட் இரைச்சலில் வியாபாரம் பண்ணிப் பண்ணி அவர் சாதாரணமாகப் பேசினாலே நாலு கவுன்ட்டருக்குக் கேட்கும். ஒரே மகள், ஸ்டெல்லா. அந்தப் பெண்ணுக்குப் பிரான்சில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பிரான்சுக்குப் போவது ஒன்றும் அதிசயம் இல்லைதான், தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது அங்கே இருப்பார்கள். ஆனால் லூர்தக்கா குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. முதன்முதலாகப் போகப்போகிறவள் ஸ்டெல்லாதான்.

விசா கேட்கும்போது, அங்கே போய்ச் சாப்பிட்டுத் தங்கிப் படிக்கக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காக லூர்தக்கா நகையை அடகு வைத்தார், சீட்டைத் தள்ளி எடுத்தார், தம்பியிடம் கைமாற்று வாங்கினார். எல்லாவற்றையும் எங்கள் கிளையில் இருந்த தன் கணக்கில் போட்டு வைத்தார். மறுநாள் காலையில் விசாவுக்கு நேரில் போக வேண்டும். அதற்கு எங்கள் கிளையிலிருந்து, இவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதை வாங்கத்தான் அன்று வந்திருந்தார். பணம் அங்கே இருந்தால் பெண் போவாள், இல்லாவிட்டால் போக மாட்டாள். விஷயம் அவ்வளவு சுலபமாக, அவ்வளவு கொடூரமாக இருந்தது.

வந்தவர் ஜாங்கிரி பாக்ஸைத் திறந்து கவுன்ட்டர் கவுன்ட்டராக நீட்டிக்கொண்டே வந்தார். மேனேஜர் சிவராமன் சாருக்கு இரண்டு. என்னிடம் வந்தபோது, "எடுத்துக்கோங்க மேடம், இன்னிக்கி இன்னா ஆச்சு தெரியுமா?" என்றார். அவர் கண் பளபள என்று இருந்தது.

நான் ஜாங்கிரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "விசா வந்துடுச்சா அதுக்குள்ள?" என்றேன்.

"அது நாளைக்கி. இது அத விடப் பெருசு! பாப்பாவுக்கு சீட் கெடச்சா அனாதப் புள்ளைங்களுக்கு செய்யறேன்னு மாதாகிட்ட வேண்டியிருந்தேன். சீட் வந்துடுச்சு. நான் இந்த அலைச்சல்ல செய்யாம உட்டுட்டேன். இன்னிக்கி காலையில பூவெடுத்துட்டு வந்து உக்கார்றேன், டிங்னு மெசேஜ். இந்தக் கணக்கோட கார்டுலேர்ந்து தொண்ணூத்திரெண்டு ரூபா போயிருக்கு. எங்கன்னு பாத்தா பிரெஞ்சு. எதிர்வீட்டு சொல்தா தாத்தாகிட்ட ஓடினேன். அவர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, படிச்சுப் பாத்துட்டு, 'ஏழைக் குழந்தைங்களுக்கு உதவி பண்ற சங்கம்மா இது, பிரான்சுல இருக்கு'ன்னார். எனக்கு அப்டியே புல்லரிச்சுப் போச்சு மேடம். நான் குடுக்கலன்னு மாதாவே எடுத்துக்கிட்டாங்க! அதுவும் பாப்பா போற ஊர்லயே!"

பக்கத்து கவுன்ட்டரில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வாய்வரை கொண்டுபோன ஜாங்கிரியைக் கீழே இறக்கினேன்.

ஏன் என்று கேளுங்கள். கார்டு எண்ணைத் திருடுகிறவன் எடுத்தவுடன் பெரிய பணத்தில் கை வைக்க மாட்டான். அந்தக் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் ஒரு சின்னத் தொகையைப் போட்டுப் பார்ப்பான். அதற்கு அவனுக்குப் பிடித்த இடம் தர்ம ஸ்தாபனங்களின் இணையதளம். அங்கே எவ்வளவு சின்னத் தொகையும் போடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுத் தளமாக இருந்தால் பல நேரம் நம் போனுக்கு ஓ.டி.பி.கூட வராது. அந்த ஸ்தாபனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டித்தான் திருடன் நம் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறான்.

வேறு ஊராக இருந்திருந்தால் பிரெஞ்சுப் பெயரைப் பார்த்ததும் கஸ்டமர் அலறியிருப்பார். நம் ஊரில் அலற மாட்டார்கள்! பிரெஞ்சு என்றால் கன்னியாஸ்திரி பள்ளிக்கூடம், மாமா பென்ஷன், யாரோ ஒரு சித்தி மகன் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். சந்தேகமே வராது. அதற்கு மேல் தர்மம் என்று சொல்லிவிட்டால், அதைப் போய் ஏன் எடுத்தாய் என்று கேட்பதே பாவம் என்று நினைக்கிற ஜனங்கள் நாம்.

சரி, அவசரப்படக் கூடாது. வாத்தியார் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம். "லூர்தக்கா, இந்தக் கார்டை ஸ்டெல்லா எடுப்பாளா?" என்று கேட்டேன்.

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? காலேஜுக்கு அப்ளிகேஷன் பணம் வெளிநாட்டுக்குக் கட்டணும்னு அவதான் போன்ல என்னாமோ தட்டினா. அதோட சரி."

ஆக, வெளிநாட்டில் செல்லும்படி கார்டைத் திறந்துவிட்டது ஸ்டெல்லா. மறுபடி மூடினாளா? கணக்கைத் திறந்து பார்த்தேன். மூடவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. ஒருவேளை அம்மாவின் வேண்டுதலை ஸ்டெல்லாவே செலுத்தியிருப்பாளோ? அவளைக் கூப்பிடச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "பிரெஞ்சு கிளாஸ்ல இருப்பா மேடம், போனப் பையில போட்டுடுவா" என்றார் லூர்தக்கா, கொஞ்சமும் கவலை இல்லாமல்.

நான் ஜாங்கிரியை ஒரு பேப்பர் மேல் வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். சிவராமன் சார் நல்ல மனிதர், ஆனால் அன்று மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது, அந்தப் பரபரப்பில் இருந்தார். வாயில் ஜாங்கிரி வேறு.

"சார், கார்டை நிறுத்தணும்."

"அந்தம்மா புகார் குடுத்தாங்களா?"

"இல்ல சார். சந்தோஷமா இருக்காங்க."

"அப்பறம் இன்னாம்மா உனக்கு? அவங்களே தர்மம்னு சொல்றாங்க. நாளைக்கி விசா. இப்பப் போய் நீ கார்டத் தொட்டு, பொண்ணு எங்கயோ பணம் கட்ட முடியாம நின்னா, அந்தம்மா மார்க்கெட்டயே இங்க கூட்டிட்டு வந்துடும். சர்ட்டிபிகேட்ட அடிச்சுக் குடுத்து சந்தோஷமா அனுப்பு."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். புகார் இல்லை, நஷ்டம் என்று பார்த்தால் தொண்ணூற்றிரண்டு ரூபாய். நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் சர்ட்டிபிகேட்டை அடித்துக் கொடுத்து அனுப்பினால், அது சொல்கிற பணம் அவர் மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் இல்லாமல் போகலாம். நாளை அந்தப் பெண் வெறும் காகிதத்தோடு போய் நிற்கும்.

"சார், அவங்க ஒத்துக்கிட்டா நிறுத்தலாமா?" என்றேன்.

"ஒத்துக்க வெய்யி பாக்கலாம்" என்று சிரித்தார்.

உங்களில் யாராவது கேட்கலாம், சந்தேகம் என்று போட்டு, அவருக்குச் சொல்லாமலே நிறுத்தியிருக்கலாமே என்று. எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் கார்டு அவருடையது. அதைவிட முக்கியமாக, காரணம் புரியாமல் நிறுத்தினால் வெளியே போன மறுநிமிடம் மகளை விட்டு மறுபடி திறக்கச் சொல்வார், மாதாவின் கையைத் தட்டிவிட்டோம் என்ற பயத்திலேயே சொல்வார். பூட்டுப் போட்டால் மட்டும் போதாது, அவர் மனசும் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "லூர்தக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இது மாதா இல்ல. எவனோ கார்டு நம்பரத் திருடிட்டான். இது வெள்ளோட்டம். அடுத்து பெருசா எடுப்பான்."

"போங்க மேடம். திருடன் எவனாச்சும் தர்மம் பண்ணுவானா?"

எவ்வளவு நியாயமான கேள்வி பாருங்கள்! நான் வெளிநாட்டுத் தளம், ஓ.டி.பி., அது இது என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சர்ச்சில் பிரசங்கம் கேட்பதுபோல பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில், "நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா குடுத்தத நான் திருப்பிக் கேக்க மாட்டேன். பாப்பா போற நேரத்துல மாதாவ கோவிச்சுக்க வெக்கச் சொல்றீங்களா?" என்றார். குரலில் முதல்முறையாகச் சூடு ஏறியிருந்தது.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. கோபம் என்றால் அவர் மேல் இல்லை. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இந்த அம்மாவின் பக்தியைக் கொண்டே இவர் வாயை அடைத்துவிட்டவன் மேல். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அவர் போன் சத்தம் போடும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருமுறை பூ மொத்த வியாபாரி, ஒருமுறை எவனோ கடன் தருகிறேன் என்கிறான்.

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் வெடித்திருந்தன. வருஷா வருஷம் கொடியேற்றத்துக்குக் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர் அவர். வந்த பிறகு ஒரு வாரம் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார்.

"லூர்தக்கா, ஒண்ணு கேக்கறேன். நடந்து வரேன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டீங்க. உங்களுக்குப் பதிலா வேற யாரோ பஸ்ல போயிட்டு வந்துட்டாங்க. உங்க வேண்டுதல் தீந்துடுமா?"

"அது எப்டி தீரும்? நம்ம காலால நடக்கணும்."

"யாரோ எவரோ, உங்களுக்குத் தெரியாமலே உங்க பேரச் சொல்லி போயிட்டு வந்தா?"

"தெரியாம செஞ்சா அது வேண்டுதலே இல்ல மேடம். இன்னா பேசறீங்க?"

"அப்ப இது மட்டும் எப்டி? உங்க கை படல, உங்களுக்குத் தெரியவும் இல்ல. நீங்க பூவக் கட்டிக்கிட்டு இருக்கும்போது உங்க பையிலேர்ந்து பணம் போயிருக்கு. மாதா என்னிக்காச்சும் உங்க முந்தானையில கைய விட்டு எடுத்திருக்காங்களா? கோவில்ல உண்டியல வெச்சிட்டு நீங்க போடற வரைக்கும் நிக்கறவங்கதானே?"

லூர்தக்கா போனை எடுத்து அந்த மெசேஜை மறுபடி பார்த்தார். தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில்தான் நம் வாயைக் கட்ட வேண்டும். நான் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

"அப்ப... என் வேண்டுதல் இன்னும் அப்டியேதான் இருக்குதா?" என்றார்.

"அப்டியேதான் இருக்கு. நீங்கதான் செய்யணும். உங்க கையால."

"அப்ப இத எடுத்தவன்?"

"திருடன்."

"மாதா பேரச் சொல்லியா திருடறான்?" சட்டென்று எழுந்துவிட்டார். அய்யோ, அந்தக் குரல்! கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "கட்டையில போறவன்! எம்பொண்ணு பணத்துல, எம்மாதா பேருல! மூடுங்க மேடம் அத. இப்பவே மூடுங்க!"

நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்தை வாங்கி, கார்டை நிறுத்தி, நின்றுவிட்டது என்று திரையில் வந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். சர்ட்டிபிகேட் தயார் செய்ய உட்கார்ந்தேன்.

லூர்தக்கா போன் டிங் என்றது.

அவர் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாதது போல என்னிடம் நீட்டினார். கார்டு நிறுத்தப்பட்டிருப்பதால் பணம் போகவில்லை என்று வந்திருந்தது. கேட்ட தொகை ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடை. நான் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு டிங். ஒரு லட்சம். போகவில்லை. இன்னொன்று. ஐம்பதாயிரம். போகவில்லை! பேரம் படியாத ஆள் மாதிரி விலையை இறக்கி இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான் அவன். பணம் எடுக்க வந்தவர்கள், பாஸ்புக் போட வந்தவர்கள் என்று எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு மெசேஜுக்கும் நான் "போகல!" என்று கத்த, அவர்களும் "போகல!" என்று கத்தினார்கள். கிரிக்கெட் மாட்சில் விக்கெட் விழுந்த மாதிரி இருந்தது. சத்தம் கேட்டு சிவராமன் சார் வெளியே வந்தார். போனை வாங்கிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. கையில் மீதி இருந்த இன்னொரு ஜாங்கிரியை என் மேஜையில் அப்படியே வைத்துவிட்டார்.

"ஒத்துக்க வெச்சிட்டியேம்மா" என்றார். சர்ட்டிபிகேட்டில் அவரே கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, இரண்டு கையாலும் லூர்தக்காவிடம் கொடுத்தார்.

அப்புறம்தான் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "ம்மா, இன்னாம்மா இத்தன தடவ கூப்ட்டிருக்க? நான் எங்கயும் பணம் போடலயே!" என்று அவள் பதறியது எனக்கே கேட்டது. லூர்தக்கா அதுவரை சிங்கம் மாதிரி நின்றவர், மகள் குரலைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "ஒண்ணுமில்ல பாப்பா, ஒண்ணுமில்ல, பணம் இருக்குது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. கார்டு எண் எங்கிருந்து கசிந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்க்கும் அவர் எழுத்தில் புகார் தர வேண்டும். இது நான் செய்ததில்லை என்று பதிவாக வேண்டும். லூர்தக்கா மறுபடி முரண்டு பிடித்தார். "அது போனாப் போவட்டும் மேடம், புள்ளைங்க வாயில போயிருக்கும்." திருட்டுப் பணம் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களே வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கும் தெரியட்டும் என்றேன். அரைமனசாகக் கையெழுத்துப் போட்டார். போகும்போது எங்கே போகிறார் என்று கேட்டேன். "அனாதப் புள்ளைங்க இல்லத்துக்கு. என் கையால செஞ்சிட்டுத்தான் இனி வீட்டுக்கு" என்றார். அன்று மத்தியானம் அங்கே பிள்ளைகளுக்கு அவரே நின்று பிரியாணி பரிமாறினாராம்.

விசா கிடைத்தது. ஸ்டெல்லா போனாள். நான் ஓய்வு பெறச் சில வாரங்கள் இருக்கும்போது ஒருநாள் லூர்தக்கா வந்தார். ஸ்வீட் இல்லை, சத்தம் இல்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. என் எதிரே உட்கார்ந்து போனை மேஜைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"மேடம், மாதா திருப்பிக் குடுத்துட்டாங்க."

பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு ரூபாய் கணக்கில் வரவாகியிருந்தது. நாம் போட்ட புகார் சுற்றிச் சுற்றி ஒரு வழியாக முடிந்து பணம் திரும்பி வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர்.

"என் பணம் வேணாம்னுட்டாங்க மேடம். பாப்பா அங்க தனியா கெடக்கறா. அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுமா? ராவெல்லாம் தூக்கமே இல்ல."

பாருங்கள், பணம் போனபோது ஜாங்கிரியோடு வந்தவர், பணம் வந்தபோது அழுதுகொண்டு வருகிறார்! நான் புகார், விசாரணை, திரும்பி வரவு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். மறுபடி அதே சர்ச் தலையாட்டல். பயம் இம்மிகூடக் குறையவில்லை. மேஜைமேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"லூர்தக்கா, இல்லத்துல உங்க கையால சோறு போட்டீங்க இல்ல?"

"போட்டேனே. புள்ளைங்க வயிறாரத் தின்னுச்சிங்க."

"வேண்டுதல் தீந்துடுச்சா?"

"தீந்துடுச்சு."

"அப்பறம் ஒரே வேண்டுதலுக்கு மாதா ரெண்டு தடவ வாங்குவாங்களா? உங்க கை படாம வந்தத எப்டி வெச்சிப்பாங்க? அதான் திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க கணக்கு சுத்தம்."

லூர்தக்கா என்னையே பார்த்தார். பிறகு உதடு கோணிற்று, அப்புறம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நாலு கவுன்ட்டருக்கும் கேட்டது. "அவங்ககிட்ட ஏமாத்து வேல ஆவாது மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "அப்ப இந்தத் தொண்ணூத்திரெண்டு ரூபா யாருது?" என்று கேட்டார்.

"உங்களுது. என்ன வேணா பண்ணுங்க."

போய்விட்டார். நான் அடுத்த கஸ்டமரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. லூர்தக்கா மூச்சிரைக்க நின்றிருந்தார், கையில் ஒரு சின்ன ஸ்வீட் பாக்ஸ். "சரியா தொண்ணூத்திரெண்டு ரூபாய்க்கி நிறுக்கச் சொன்னேன். அன்னிக்கி நீங்க எடுத்தத வாயிலயே வெக்கல, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்று பாக்ஸைத் திறந்து நீட்டினார்.

ஜாங்கிரி. இந்தத் தடவை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.